வெள்ளைக் கேன் தண்ணீர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, கை அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறது. நாங்கள் நன்றாக இல்லையம்மா. நாலு மாதமாகவே இல்லை. போனில் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். தம்பி வேலைக்குப் போயிருக்கிறான், குளிக்கிறான், இப்போதுதான் வெளியே கிளம்பினான் என்று உன் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாளே, அவன் எங்கேயும் போகவில்லை. அந்த நேரமெல்லாம் எங்களுக்கு எட்டடி தூரத்தில், தன் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். நாங்கள் சொன்ன பொய்யையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகம் துடைத்துக்கொள்வார்கள். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். முன்பே சொல்லியிருந்தால், போன தடவை என் ஆபரேஷனுக்குக் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாயே, அதே மாதிரி வந்து நின்றிருப்பாய். அந்த வேலை போய் இன்னொன்று கிடைக்க உனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது என்று நானும் அம்மாவும் பேசி முடிவு செய்தோம். இல்லை, முடிவு செய்தது நான்தான், அவளை இதில் இழுக்காதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். வேலை செய்கிற கட்டடத்தின் மொட்டைமாடியில், லிப்ட் மெஷின் ரூமில், டூல் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று லிப்டில் ஒன்றைப் பராமரிப்பு என்று பலகை மாட்டி நிறுத்தியிருக்கிறேன், மற்ற இரண்டின் மோட்டாரும் காதுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இங்கேதான் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை, அதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தம்பி வேலை பார்த்த மீன் கடை உனக்குத் தெரியும், வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற கடல் மீன் மட்டும் விற்கிற கடை, பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு கடை வைத்த அந்த அம்மாளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவன் அங்கே சேர்ந்து மூன்று வருஷம், கடைச் சாவியே அவனிடம்தான் இருக்கும். அன்றைக்கு நடந்ததெல்லாம் டீச்சர் பிறகு போனில் சொன்னதுதான், அன்று அவர் வெளியூர் போயிருந்தார். போவதற்கு முன்னால் அழுக்கு வலைகளை ஒரு பீப்பாயில் பிளீச்சிங் திரவம் ஊற்றி ஊறப்போட்டிருக்கிறார், வலைகளை எடுத்துவிட்டார், பீப்பாயைக் கழுவ மறந்துவிட்டார், இவனிடம் சொல்லவும் மறந்துவிட்டார். இவன் வந்து அதே பீப்பாயில் புதிதாக உப்புத் தண்ணீர் கலக்கியிருக்கிறான். மூக்கை வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அன்று அவனுக்கு ஜலதோஷம், நாலு நாளாக மூக்கடைப்பு. அந்தக் கடையில் எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான் சுற்றி வரும். ஊற்றி அரை மணி நேரம் ஆவதற்குள் இருநூற்றுச் சொச்சம் மீன் அவன் கண் முன்னாலேயே துடித்து மேலே மிதந்திருக்கிறது. ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஓடியிருக்கிறான், எங்கே தூக்கிப் போட்டாலும் அதே தண்ணீர். மூன்று வருஷமாக அவன் கையிலிருந்தே இறால் வாங்கித் தின்ற பெரிய மீன் ஒன்று உண்டு, உனக்குக்கூட போட்டோ அனுப்பினானே, அதைக் கடைசியாக எடுத்தானாம். டீச்சர் வந்து பார்த்து ஒரு வார்த்தை அதட்டவில்லை. "தப்பு என்னுதுடா, பீப்பாய் மேல எழுதி வைக்காதது நான்தான்" என்றாராம். அதட்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். வீட்டுக்கு வந்தான், வாஷ்பேசினில் கையைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான், நான் போய்க் குழாயை மூடினேன். அறைக்குள் போனவன்தான்.

குளிக்க மட்டும் வருவான், அதுவும் நாலு நாளைக்கு ஒருமுறை. தட்டை வாசலில் வைத்தால் பாதி சாப்பிட்டிருப்பான், பாதி அப்படியே இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் தலையை ஆட்டி மறுத்துவிட்டான், நாங்கள் இரண்டு பேரும் போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்து நோயாளிகள் மாதிரி அழுதுவிட்டு வந்தோம். "வற்புறுத்தாதீங்க, ஆனா தனியாவும் விடாதீங்க. உயிரோட இருக்கப் பிடிக்கலைங்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அவன் ஒரு வார்த்தையும் பேசாதபோது எந்த வார்த்தைக்காக நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது, சொல். அம்மா கெஞ்சினாள் என்று, ஒருநாள் அவன் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போய் அவன் அறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றினேன். எத்தனை ஆயிரம் ஸ்க்ரூ கழற்றியிருப்பேன், அந்த நாலுக்கு அந்தப் பத்து நிமிஷம் முழுதும் ஆயிற்று. திரும்பி வந்து கதவில் அந்த நாலு ஓட்டையையும் பார்த்திருப்பான். கத்துவான் என்று காத்திருந்தேன். கதவை மட்டும் சாத்திக்கொண்டான். உன் அத்தை வந்து கதவுக்கு வெளியே நின்று, "ஆம்பளப் புள்ள மீனுக்காகப் படுத்துக் கெடக்கறத நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று ஆரம்பித்தாள். கிளம்பு, ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டேன். என் கூடப் பிறந்தவளிடம் ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினேன். இன்னும் அவள் பேசவில்லை, பேசும்போது பேசட்டும்.

இரண்டு மாதம் இப்படியே போனதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே வைத்துக்கொள். மீனால் உள்ளே போனவனை மீனை வைத்துத்தான் வெளியே கொண்டுவர முடியும் என்று ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. நான் எந்த டீச்சரை மனசுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேனோ அவர் கடைக்கே போய் நின்றேன். அவர் முடியாது என்றார். "சார், மீன் மருந்து இல்ல. அதுவும் ஒரு உயிர். புதுசா வர்ற கடல் மீன் முதல் ரெண்டு வாரம் தாண்டுறதே பெரும்பாடு. உங்க வீட்ல அது செத்துப் போச்சுன்னா அவன் இன்னும் உள்ள போயிடுவான்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் கேட்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து போனேன், நாலாவது நாள் அவரே ஒரு பழைய தொட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மீன் இப்போது கிடையாது, முதலில் வெறும் தொட்டியை ஐந்து வாரம் ஓட்டுங்கள், தண்ணீர் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கொள்ளப் பழக வேண்டும் என்றார். கடல் பாறைத் துண்டுகள், மணல், பின்பக்கம் தொங்குகிற ஒரு பில்டர், ஒரு விளக்கு, இவ்வளவுதான். கூடத்தில் உன் மேஜையை நகர்த்திவிட்டு அவன் கதவுக்கு நேர் எதிரே வைத்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், தண்ணிய வளக்கறீங்களா" என்று கேட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. ஐந்து வாரமும் தம்பி கதவைத் திறந்து குளியலறைக்குப் போகும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவான்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை இரண்டு மீன் வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஒன்று ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், அதன் பட்டையைப் பார்த்து அம்மா மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். இன்னொன்று முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், நடுவில் யாரோ கத்தரித்து ஒட்டின மாதிரி இருக்கும், அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பேர். டீச்சர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டேன், கூடத்து விளக்கை அணைத்தேன், பிறகு மீனைப் பை தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய ட்யூப்பில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரை அதற்குள் சொட்டுச் சொட்டாக விழவிட்டேன். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குச் சட்டென்று மாற்றினால் உடம்பு தாங்காதாம், ஒன்றரை மணி நேரம் சொட்ட வேண்டுமாம். தரையில் சம்மணம் போட்டுச் சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. வலையில் பிடித்துத் தொட்டியில் விட்டேன், வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் கதவு ஒரு கையகலம் திறந்தது. வலையைக் கையில் பிடித்தபடி திரும்பினேன். மறு நொடி படீரென்று சாத்திக்கொண்டது. "போச்சு" என்றாள் அம்மா, அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன். ரெண்டுங்கெட்டான் போன வேகத்தில் பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது, வெளியே தலையை மட்டும் நீட்டும், நிழல் பட்டால் அதுவும் இல்லை. மாப்பிள்ளை மேல் மூலையில் ஒரே இடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்று நாள் இரண்டும் ஒரு துணுக்கு இரை தொடவில்லை. டீச்சருக்குப் போன் போட்டால், புது இடம், பயம், விடுங்க, கண்ணாடியைத் தட்டாதீங்க, பக்கத்தில் போய் முறைச்சுப் பார்க்காதீங்க என்பார். எனக்குத் தட்டாமல் இருக்க முடியவில்லை, உயிரோடிருக்கிறதா என்று தெரிய வேண்டாமா. நாலாவது நாள் மாப்பிள்ளை இரண்டு துணுக்கு தின்றது, அம்மாவும் நானும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்தாவது நாள் அதையும் துப்பியது. வெறும் தொட்டியாக இருந்தவரை விளக்குப் போடாமல் பலகையால் மூடியே வைத்திருந்தேன், இப்போது திறந்துவிட்டதில் இந்த வெயிலில் விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும். குறைந்தால் பில்டரிலிருந்து விழுகிற தண்ணீர் சளசளவென்று சத்தம் போடும், நான் கேனிலிருந்து எடுத்து நிரப்புவேன், சத்தம் அடங்கும். டீச்சர் இரண்டு கேன் கொடுத்திருந்தார், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், எது எதற்கென்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டு என் சட்டைப் பையோடு துவைக்கப் போய்க் கூழாகி வந்தது. கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெள்ளைக் கேனில் இருந்தது உப்புத் தண்ணீர். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று அதையே தினமும் ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்தது, அதையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன், பார்க்க அழகாக இல்லை என்று.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் மாப்பிள்ளை மணலில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. செவுள் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது. அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள், சத்தம் உள்ளே போய்விடக் கூடாதே என்று. நான் மண்டி போட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கடவுளே என்றுகூடச் சொல்லவில்லை, எழுந்திருடா, எழுந்திருடா என்று அந்த மீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு திறந்தது. நாலு மாதத் தாடி, கசங்கின பனியன், வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பிள்ளை நடந்து வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. தொட்டி விளிம்பைப் பார்த்தான், கேனைப் பார்த்தான், தண்ணீருக்குள் விரலை விடாமல் பில்டர் விளிம்பில் நின்ற ஒரு சொட்டை மட்டும் தொட்டு நாக்கில் வைத்தான். "எதை ஊத்துனீங்க?" என்றான். நாலு மாதம் பேசாத குரல், துரு ஏறினது மாதிரி கரகரத்தது. வெள்ளைக் கேன் என்றேன். "தினமுமா?" ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். "தண்ணிதாம்ப்பா ஆவியாகும். உப்பு ஆவியாகாது. குறையிற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க எட்டு நாளா உப்புமேல உப்பு ஏத்தியிருக்கீங்க. சத்தம் குறையிறப்பல்லாம் நீலக் கேனத்தான் ஊத்துறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான். பார்த்தாயா, ஒவ்வொரு நாளும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். லிப்ட் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன் நான். என் வீட்டில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நீலக் கேனை மொத்தமாகக் கவிழ்க்கப் போனேன். "வேணாம்! ஒரேயடியா மாத்தினா அதுவே கொன்னுடும்" என்று கத்தினான். அரை மணிக்கு ஒரு டம்ளர் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும், இன்றும் நாளையுமாக மெல்ல இறக்க வேண்டும் என்றான். அவன் தொட மாட்டேன் என்றான், என்னைத்தான் ஊற்றச் சொன்னான். ஆனால் ஒவ்வொரு டம்ளரையும் அம்மா கழுவிக் கொண்டுவந்ததும் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவான். பிறகு தண்ணீரோடு ஒருமுறை முகர்வான். பதினோரு டம்ளர். பதினோரு தடவையும் இரண்டு முறை முகர்ந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் அம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியாது. மதியம் மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் செவுள் நின்றுவிட்டது. அவன்தான் முதலில் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், மெதுவாகத்தான் சாத்தினான். அன்று இரவும் திங்கட்கிழமை முழுதும் தட்டை வைத்தபடியே எடுத்தோம். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். "டீச்சர் சொன்னாங்கல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஆமாம், சொன்னார்தான்.

பெரியவளே, உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாலு மாதமும் நான் உன் தம்பிக்காக அழுதேனே தவிர, மனசுக்குள் ஒரு மூலையில் உன் அத்தை மாதிரிதான் நினைத்திருந்தேன். மீன்தானே, மனுஷனா செத்துவிட்டான் என்று. மாப்பிள்ளையை ஒரு காகிதத்தில் எடுத்தேன், ஒரு விரல் கனம்கூட இல்லை, இந்த ஒன்றுக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது என்று நினைத்து என் கையால் ஊற்றி, தினமும் ஊற்றி, நானே கொன்றிருக்கிறேன். அவன் இருநூறு எடுத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தாளில், "நான்தான்டா கொன்றேன். எனக்கு ஒன்றுக்கே தாங்கவில்லை, நீ எப்படித் தாங்கினாய்?" என்று எழுதி அவன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனேன். புதன்கிழமை காலையில் அதே தாள் வெளியே கிடந்தது. பென்சிலில் ஒரே வார்த்தை எழுதியிருந்தான். தாங்கல. அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, அமோனியா பாத்தீங்களா?

அமோனியா என்றால், பாறைக்குள் ஏதாவது செத்து அழுகினால் தண்ணீரில் ஏறுகிற விஷம். ரெண்டுங்கெட்டானைப் போன சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இருக்கிறதா இல்லையா தெரியாது, பாறையைத் தூக்கித் தேடவும் கூடாதாம், இருந்தால் அந்தப் பயத்திலேயே போய்விடுமாம். டீச்சர் கொடுத்த சிறு குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் வரும், மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையாக மாறினால் கெட்டது. புதன் காலை மஞ்சள். மஞ்சள் என்று எழுதித் தள்ளினேன். "விளக்கை ரெண்டு நாளைக்குப் போடாதீங்க, இறாலைக் கடுகு அளவு நறுக்கிப் பாறைக்குப் பின்னாடி விடுங்க, யாரும் முன்னாடி நிக்க வேணாம்" என்று பதில் வந்தது. அன்று தட்டில் முக்கால்வாசி காலியாக இருந்தது. வியாழன் மஞ்சள். இன்று வெள்ளி, காலையில் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிறத்துக்காகக் காத்திருந்தேன், கொஞ்சம் பச்சை தட்டுகிற மாதிரியும் இருந்தது, ஜன்னலுக்குக் கொண்டுபோனால் மஞ்சளாகவும் இருந்தது. எனக்குத் தெரியவில்லையம்மா. இந்தக் கண்ணை நம்பி எதை எழுதுவது? மஞ்சள் என்றே எழுதித் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அது பொய்யாக இருந்தால், அந்தப் பாறைக்குள் ஒன்றும் இல்லையென்றால், இதற்கு மேல் எதைச் சொல்லி அந்தக் கதவுக்கு அடியில் தாளைத் தள்ளுவேன்? காலையிலிருந்து இதே நினைப்புதான். ஒரு லிப்டின் கதவு சென்சாரை இரண்டு தடவை தப்பாக மாட்டினேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஓடி வரச் சொல்லி எழுதவில்லை, நீ வந்து நின்றால் அவன் தன்னால் உன் வேலையும் போயிற்று என்று இன்னொன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வான். நீ அவனுக்கு ஒரு கடிதம் எழுது. அவன் பேருக்கே எழுது, எங்களுக்கு எழுதுகிற உறைக்குள் வைக்காதே, அவனே பிரிக்கட்டும். வெளியே வா, தைரியமாக இரு, எல்லாம் சரியாகும் என்றெல்லாம் எழுதாதே, நாங்கள் எழுதி ஆயிற்று. அப்பா உன்னிடம் நாலு மாதம் பொய் சொன்னார், அதற்கு நீ எவ்வளவு கோபமாக இருக்கிறாய் என்று எழுது. அப்பா வெள்ளைக் கேனை ஊற்றியதைப் பற்றி அவனிடம் கேள். நடந்ததை அவன் வாயால் யாரிடமாவது சொல்ல வேண்டும், அது நீயாக இருந்தால் சொல்வான், சின்ன வயதிலிருந்து உன்னிடம்தான் எல்லாம் சொல்லி

வரியைப் பாதியில் விட்டுவிட்டேன், அம்மா போன் பண்ணினாள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை, வெளியே மாடிக்கு ஓடி வந்து காதில் அழுத்திக் கேட்டால் கிசுகிசுவென்று பேசுகிறாள். சமையலறையில் கதவுக்குப் பின்னால் நிற்கிறாளாம். தம்பி வெளியே வந்திருக்கிறானாம். நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிறதாம். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய்விடுவானோ என்று அடுப்பை அணைத்துவிட்டாளாம். நான் வைத்த குப்பியை அவனே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தானாம், மஞ்சளா பச்சையா என்று ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு திரும்பாமலே, "அம்மா, அது வெளிய வந்துச்சா?" என்று கேட்டானாம். இவள் என்ன சொல்வாள். ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் என்ன ஆகுமோ. "எனக்குத் தெரியலடா, நீயே பாரு" என்று சொல்லிவிட்டாளாம். "நான் சொன்னது தப்பாங்க, நான் சொன்னது தப்பா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அழுகிறாள். இல்லை என்றேன், அதுதான் சரி என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று கேட்டேன். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றாள்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன். போய்க் கூடத்துக்குள் நுழைய மாட்டேன், மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொள்வேன், சாவி சத்தம்கூடக் கேட்கக் கூடாது. வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோனால் அனுப்ப எனக்கு மனம் வராது. நீ கவலைப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, கவலைப்படு, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் படு. ஷிப்ட் முடிந்து நடந்து வராதே, பஸ்ஸில் வா. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் துளிர்க்க வேண்டும், அம்மா சார்பிலும் சேர்த்துச் சொல்கிறேன். உறையில் அவன் பேரை முழுதாக எழுத மறக்காதே, என் பேரைப் போட்டு கேர் ஆப் என்றும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன,
உன் அப்பா